தொற்று இல்லாத தொண்ணூறு நாள்

எங்கள் சிம்பொண்டா மாவட்டத்தில் எச்.ஐ.வி. பரவாமல் தடுக்கும் பொறுப்பு ஒரு பலகையிடம் இருந்தது. பலகை மருத்துவமனை வாசலில் நின்றது. ‘புதிய தொற்று இல்லாத நாட்கள்’ என்று பெரிதாக எழுதி, அதன் கீழே எண்ணுக்கு ஒரு கறுப்புச் சதுரம். தினமும் காலை ஏழரைக்குப் பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணைச் சாக்பீஸால் எழுதுகிறவன் நான். மருத்துவமனை குமாஸ்தா. என் பெயர் ஜெய்லோசி, பொறாமை என்று பொருள். நான் பிறந்த சமயத்தில் என் பெரியம்மா எங்கள் வீட்டோடு பேச்சை நிறுத்தியிருந்தார். மலாவியில் பாதிப் பேர் இப்படி ஏதாவது ஒரு சண்டையையோ சாவையோ பெயராகச் சுமந்துகொண்டுதான் திரிகிறோம்.

எண் தொண்ணூறைத் தொட்டால் எங்களுக்குப் ‘பூஜ்ஜிய மாவட்டம்’ என்று சான்றிதழ் கிடைக்கும். அதை வாங்குவதற்காகவே மாவட்டப் பூஜ்ஜியக் குழு என்று ஒன்று இருந்தது. தலைவர் திரு. கம்வெண்டோ. முன்பு மதுக்கடைகளில் ஆணுறைப் பெட்டிகள் தொங்கின. பூஜ்ஜியத்தை நோக்கிப் போகும் மாவட்டத்தில் ஆணுறை தொங்குவது மக்களைச் சந்தேகப்படுவது போல இருக்கிறது என்று குழு கருதியது. எல்லாவற்றையும் கழற்றித் தலைவர் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினோம். விருந்தினர் வந்தால் காட்டுவோம். ஆணுறை மாட்டக் கற்றுக்கொடுப்பதற்கு இருந்த மரக்கட்டை, தலைவர் மேசையில் காகிதங்கள் பறக்காமல் பார்த்துக்கொண்டது. பள்ளிக்கூடங்களில் எடுத்த பாடமும் நின்றது. இல்லாத நோயைப் பிள்ளைகளுக்கு எதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

குழுவின் முதல் கூட்டத்தில் ஆளுக்கொரு ஃபேன்டா குடித்து முடித்த பிறகு, எங்கள் ஊர் மேடைகளில் எல்லோரும் தொடங்குகிற அதே வரியோடு தலைவர் பேசினார்.

“எல்லா மரபுகளும் காக்கப்பட்டன. நண்பர்களே, இந்தக் கிருமி எப்படிப் பரவுதுன்னு முப்பது வருஷமா என்னென்னமோ சொல்றாங்க. நானும் உக்காந்து ஆராய்ச்சி பண்ணினேன். அது ரிஜிஸ்தர் வழியாத்தான் பரவுது. எழுதாத ஊர்ல ஒருத்தருக்குக்கூட கிடையாது. எழுதின ஊர்ல எல்லாம் இருக்கு. இதுக்கு மேல உங்களுக்கு என்ன சாட்சி வேணும்?”

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அன்றைய தீர்மானம்: தலைவர் கையெழுத்து இல்லாமல் எந்த நர்ஸும் புதிய பெயரை ரிஜிஸ்தரில் ஏற்றக்கூடாது.

எண் ஏறியது. மருத்துவமனைக்கு எதிரே சவப்பெட்டி செய்கிறவர் இன்னும் இரண்டு தச்சர்களை வேலைக்குச் சேர்த்தார். செத்தவர்கள் மலேரியாவில் செத்தார்கள், சளியில் செத்தார்கள், யாரோ வைத்த சூனியத்தில் செத்தார்கள். அப்படித்தான் பதிவு. பதிவு செய்தவன் நான். கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் செய்தேன்.

அறுபத்தோராம் நாள், சைக்கிள் டாக்சி ஓட்டும் பின்வெல் தன் மனைவி எலுபேவைப் பின்சீட்டில் வைத்துக் கூட்டிவந்தான். அவளுக்கு ஏழு மாதம். சிஸ்டர் எனிஃபா இருவர் விரலிலும் குத்தி ரத்தம் எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைச் சாத்தினார். நான் உள்ளேதான் இருந்தேன்.

“ரெண்டு பேருக்கும் ரெண்டு கோடு வந்திருக்கு. இருங்க, அழாதம்மா, முழுசாக் கேளு. இன்னைக்கே மாத்திரை ஆரம்பிச்சா குழந்தைக்கு வராமப் பாத்துக்கலாம். தினம் ஒண்ணு. குழந்தை பொறந்ததும் அதுக்குக் கொஞ்ச நாள் மருந்து. எத்தனையோ பேருக்கு நானே பாத்திருக்கேன். எல்லாப் பிள்ளைங்களும் இன்னைக்குத் தெருவுல பந்து விளையாடுதுங்க.”

“அப்பக் குடுங்க சிஸ்டர்,” என்றான் பின்வெல்.

எனிஃபா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“குடுக்கணும்னா ரிஜிஸ்தர்ல எழுதணும்.”

“எழுதுங்க.”

“எழுதினா வாசல்ல இருக்கற பலகை பூஜ்ஜியம் ஆயிடும்.”

பின்வெல்லின் முகம் மலர்ந்தது. “பூஜ்ஜியம்தானே சிஸ்டர் வேணும்னு ஊரெல்லாம் எழுதி ஒட்டியிருக்கீங்க?”

தலைவரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னோம். நானும் கூடப் போனேன். எலுபேவுக்கு நம்பிக்கை வந்தது. தலைவர் கம்வெண்டோ அவள் அம்மாவோடு பிறந்த தம்பி. எங்கள் ஊரில் அக்காவின் பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது எல்லாம் தாய்மாமன்தான். அவள் பிறந்தபோது பெயர் வைத்தவரே அவர்தான்.

விஷயத்தைக் கேட்டதும் கம்வெண்டோ நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். எலுபேவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியது. அது நடிப்பில்லை, என்னால் சத்தியம் செய்ய முடியும்.

“என் அக்கா பொண்ணுக்கா? ஐயோ, நான் என்ன பண்ணுவேன்?”

“ஒரு கையெழுத்துப் போடுங்க மாமா, போதும்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் குரல் மாறிவிட்டது.

“அதைத் தலைவர்தான் முடிவு பண்ணணும். பின்வெல், நீ எந்த ஊரு?”

“ஐயா, இங்கதான். மூணு வருஷமா உங்க கூரைக்குப் பக்கத்துக் கூரையிலதான் இருக்கேன்.”

“இருக்கறது வேற, ஊரு வேற. நீ யாரு? வீட்டோட மாப்பிள்ளை. கல்யாணம் பண்ணிக்கிட்டு எங்க ஊருக்கு வந்தவன். நாளைக்குச் சண்டை வந்தா உன் பாயைச் சுருட்டிக்கிட்டு ஆத்துக்கு அந்தாண்ட உங்கம்மா ஊருக்குப் போகணும். உன்கூட வந்ததெல்லாம் உன்கூடப் போகணும். இல்லையா?”

“ஆமாங்கய்யா.”

“அப்போ இந்தக் கிருமியும் வீட்டோட மாப்பிள்ளைதான். எங்க மாவட்டத்துக் கிருமி இல்ல. மகுங்குலா மாவட்டத்துக் கிருமி. அங்க போய்ப் பதிஞ்சுக்க.”

பின்வெல் யோசித்தான். “ஐயா, கிருமி எந்தூருன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? எனக்கு அவகிட்டேருந்து வந்ததா, அவளுக்கு என்கிட்டேருந்து வந்ததான்னே தெரியாதே.”

“அதான் வழக்கம்னு ஒண்ணு இருக்கே மாப்பிள்ளை. ரத்தத்தைப் பாத்தா தெரியாததெல்லாம் வழக்கத்தைப் பாத்தா தெரியும்.”

மறுநாள் விடியலில் சைக்கிளையும் மனைவியையும் மரத்தோணியில் ஏற்றி ஆற்றைக் கடந்தான் பின்வெல். மகுங்குலா மருத்துவமனை வாசலிலும் ஒரு பலகை நின்றது. ஐம்பத்தெட்டாம் நாள். அங்கிருந்த அதிகாரி இவர்களை வெயிலிலேயே நிறுத்திவைத்துப் பேசினாராம்.

“உங்கம்மா ஊரு இங்கதான், ஒத்துக்கறேன். ஆனா மூணு வருஷமா அவங்க ன்சிமாக் களியைத் தின்னு, அவங்க தண்ணியைக் குடிச்சு வளந்த கிருமி இது. எங்க கிருமி மாதிரியா இருக்கும்? அது கெடக்கட்டும், வயித்துல இருக்கற புள்ளை யாரோடது? அம்மா வழிக்குச் சேந்தது. அப்போ அதுக்கு வரப்போறதும் அம்மா வழிதான். சிம்பொண்டாவுக்குப் போ. புள்ளையோட தாய்மாமன் வழிப் பெரியவர்கிட்ட, பொறுப்பு எங்களோடதுதான்னு லெட்டர் வாங்கு. அதுதான் முறை.”

வரும் வழியில் எலுபே வாந்தி எடுத்தாள். பின்வெல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தான். அறுபத்து நாலாம் நாள் இருவரும் கம்வெண்டோவின் அறையில் மறுபடி நின்றார்கள்.

அன்றைக்கு நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் நான் பக்கத்திலேயே நின்றேன். கம்வெண்டோ எழுந்து மேசைக்கு இந்தப் பக்கம் வந்தார். என்னிடம் காகிதம் கேட்டார். நின்றபடியே எழுதினார்: ‘தலைவர் அவர்களுக்கு, என் அக்கா மகள் எலுபேவின் பிள்ளை எங்கள் வம்சத்துப் பிள்ளை. அதைக் காப்பாற்ற வேண்டியது என் கடமை. தயவுசெய்து மருந்து கொடுங்கள். இப்படிக்கு, தாய்மாமன் கம்வெண்டோ.’ பிறகு மேசையைச் சுற்றிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, அந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து படித்தார்.

“நல்ல மனுஷன்தான் எழுதியிருக்காரு. ஆனா ரொம்ப உணர்ச்சிவசப்பட்டிருக்காரு. மனுதாரர் எங்க குழுவுக்கே சொந்தக்காரர் போல இருக்கு. சொந்தக்காரங்களுக்குச் சலுகை காட்டினா நாளைக்கு ஊரு என்ன பேசும்?”

“மாமா!” என்றாள் எலுபே.

“மாமா அந்தப் பக்கம் நின்னாரும்மா. இப்போப் போயிட்டாரு.” கடிதத்தின் மேல் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதி, மரக்கட்டைக்கு அடியில் வைத்தார். “இன்னும் இருபத்தாறு நாள்தான். தொண்ணூறாம் நாள் விழா முடிஞ்சதும் மறுநாளே வா. நானே கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்.”

பின்வெல் முதன்முறையாகக் குரலை உயர்த்தினான். “எனக்கு வேணாம்யா. நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன், இல்ல செத்துப்போறேன். அவ வயித்துல இருக்கறதுக்கு இருபத்தாறு நாள்னா எவ்வளவுன்னு தெரியுமாய்யா உங்களுக்கு?”

“மாவட்டத்துக்கு அது எவ்வளவுன்னு உனக்குத் தெரியுமா மாப்பிள்ளை?” என்றார் கம்வெண்டோ.

வழியைக் கண்டுபிடித்தது சிஸ்டர் எனிஃபா. அறுபத்தெட்டாம் நாள் எலுபே பரிசோதனைக்கு வந்தபோது அவளுடைய நோயாளிப் புத்தகத்தின் அட்டையை உற்றுப் பார்த்தார்.

“என்னம்மா இது, எலுபேங்கறதுக்கு முன்னாடி என்னமோ எழுதியிருக்கு?”

“வீட்டுல வெச்ச பேரு சிஸ்டர். பலிபே. எனக்கு முன்னாடி பொறந்த மூணும் போயிடுச்சு. எங்க மாமாதான் வெச்சாரு.”

பலிபே என்றால் எங்கள் மொழியில் ‘இல்லை’. யாரும் இல்லை, ஒன்றும் இல்லை, எல்லாவற்றுக்கும் அதே சொல்தான்.

எனிஃபா ரிஜிஸ்தரைத் திறந்தார். புதிய தொற்று என்ற தலைப்பின் கீழ், பெயர் என்ற இடத்தில் அழகான கையெழுத்தில் ‘பலிபே’ என்று எழுதினார். ஊர், வயது எல்லாவற்றுக்கும் கோடு போட்டார். அலமாரியிலிருந்து முப்பது மாத்திரை கொண்ட டப்பாவை எடுத்து எலுபேவின் கையில் வைத்தார்.

“பொய் எழுதலையே ஜெய்லோசி? அவ பேரு அதானே?”

“அதேதான் சிஸ்டர்,” என்றேன். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்கு வயிறு நிறையச் சாப்பிட முடிந்தது. பின்வெல் மட்டும் தன் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஒரே வரியாக இருந்தால்தான் யார் கண்ணிலும் படாது என்று பயம்.

வெள்ளிக்கிழமை கம்வெண்டோ ரிஜிஸ்தரைச் சரிபார்க்க வந்தார். அவர் விரல் அந்த வரியில் வந்து நின்றது. அந்தப் பெயரை வைத்தவர் அவர். எனிஃபாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“புதிய தொற்று… பலிபே,” என்று மெல்லப் படித்தார். “நல்லது. இப்படித்தான் எழுதணும்.” கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

செய்தி எப்படிப் பரவியதோ தெரியாது. அடுத்த வாரம் மாவு மில்காரர் வந்தார். சிஸ்டர் கேட்பதற்கு முன்பே, “என் பேரும் பலிபேதான்,” என்றார். தேவாலயப் பாட்டுக்குழுவிலிருந்து ஒரு பெண் வந்தாள். பலிபே. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வந்தார், அவர் பின்னாலேயே அவர் பாடம் எடுத்த வகுப்பிலிருந்து பதினேழு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். இரண்டு பேரும் பலிபே. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். எண்பத்தொன்பதாம் நாள் ரிஜிஸ்தரில் முப்பத்தேழு வரி இருந்தது. வாசலில் நான் 89 என்று எழுதினேன். என் கை எழுதியதை என் கண் பார்க்க மறுத்தது. எதிரே சவப்பெட்டிக்காரர் முழ நீளத்தில் சின்னப் பெட்டிகள் செய்து வெயிலில் காயவைத்திருந்தார்.

தொண்ணூறாம் நாள் விழா. அதற்கு முந்திய நாளே சிஸ்டர் எனிஃபாவைத் தலைநகர் லிலோங்வேக்கு அனுப்பிவிட்டார்கள். ‘பூஜ்ஜியத்தைத் தக்கவைப்பது எப்படி’ என்று ஐந்து நாள் பயிற்சி. பந்தலில் நடன மகளிர் ஆடினார்கள். வெளிநாட்டிலிருந்து டாக்டர் ஹால்வர்சன் என்ற அம்மையார் சான்றிதழோடு வந்திருந்தார். மருந்துகளுக்கெல்லாம் பணம் தருகிற அமைப்பின் ஆள். எங்கள் மொழி தெரியாது. கம்வெண்டோதான் மொழிபெயர்ப்பாளர்.

“எல்லா மரபுகளும் காக்கப்பட்டன,” என்று தொடங்கி அவர் முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு அம்மையார் ரிஜிஸ்தரைக் கேட்டார். பக்கத்தைப் புரட்டினார். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து அது என்னவென்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இல்லை என்று பொருள் அம்மா. புதிய தொற்று இல்லை.”

“முப்பத்தேழு முறை எழுதியிருக்கிறீர்களே!” அம்மையாருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. “இவ்வளவு பொறுப்பை நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை. அடுத்த மாநாட்டில் உங்கள் மாவட்டத்தைத்தான் திரையில் காட்டுவேன்.”

அதோடு நிறுத்தியிருந்தால் எங்கள் காரியம் பிழைத்திருக்கும். அம்மையார் மருந்து அலமாரியைப் பார்த்தார். “புதியவர்கள் இல்லை. சரி, பழைய நோயாளிகள் எத்தனை பேர்?”

கம்வெண்டோவுக்கு அந்த எண்ணிக்கை தெரியும். ஆனால் முன்னால் கேமரா இருந்தது, பந்தல் நிறைய ஜனம் இருந்தது, கழுத்தில் மாலை இருந்தது.

“பூஜ்ஜிய மாவட்டம் அம்மா,” என்றார். “பழையது புதியது என்று நாங்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. யாருமே இல்லை.”

“அப்படியானால் இந்த மருந்துகள் இங்கே வீணாகக் கிடக்கின்றனவே. தேவைப்படுகிறவர்கள் வேறு இடங்களில் காத்திருக்கிறார்கள்.”

சொல்லி முடிப்பதற்குள் அவருடைய ஆட்கள் பெட்டிகளைத் தூக்கத் தொடங்கினார்கள். பந்தலில் முப்பத்தேழு பேரும் இருந்தார்கள். பழைய ஆட்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். ஒருவர் எழுந்தால் பக்கத்தில் இருப்பவர் தெரிந்துகொள்வார். யாரும் எழவில்லை. எலுபே எழுந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு நடந்தாள். பின்வெல் பின்னாலேயே ஓடினான்.

“அம்மா, அதை எடுத்துட்டுப் போகாதீங்க. அந்த ரிஜிஸ்தர்ல இருக்கற பலிபே நான்தான். எனக்கு அடுத்த மாசம் குழந்தை பொறக்கப்போகுது. என் பேரு பலிபே.”

அம்மையார் புன்னகையோடு கம்வெண்டோ பக்கம் திரும்பினார். “இந்தப் பெண் என்ன சொல்கிறாள்?”

கம்வெண்டோ எலுபேவைப் பார்த்தார். கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டார்.

“யாரும் இல்லை என்கிறாள் அம்மா.”

அம்மையார் எலுபேவைக் கட்டிக்கொண்டார். கேமரா பளிச்சிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். பின்வெல்லுக்கு ஆங்கிலம் தெரியாது. காரியம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்து அவனும் தட்டினான். எனக்கு ஆங்கிலம் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. இந்த வெட்கம் நான் சாகிறவரை என்னை விடாது, விடவும் கூடாது. மருந்து வண்டி கிளம்பிப் போனது.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் கம்வெண்டோ என்னைக் கூப்பிட்டார். இருவரும் எலுபேவின் வீட்டுக்கு நடந்தோம். மகுங்குலாவில் நாளை மறுநாள் விழா, அங்கிருந்தும் வண்டி கிளம்பிவிடும் என்று வழியில் நான் சொன்னேன். அவருக்கு அது தெரியும்.

பின்வெல் முற்றத்தில் சைக்கிள் சக்கரத்துக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். லிலோங்வேக்கு மூன்று நாள் மிதித்தால் போய்விடலாம், அங்கே மருந்து இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறான். எலுபே உள்ளேயிருந்து வந்தாள். மாமாவுக்கு வழக்கம்போல முழங்காலிட்டு வணக்கம் சொன்னாள். குரலில் எதுவும் இல்லை.

“எப்படி இருக்க பொண்ணே?”

“இருக்கேன் மாமா.”

“அந்த மாத்திரை… உன்கிட்ட மிச்சம் இருக்கா?”

“இருக்கு.”

“அதுல கொஞ்சம்… ஒரு ரெண்டு மூணு…”

“யாருக்கு மாமா?”

கம்வெண்டோ தரையைப் பார்த்தார். பதினாறு வருடங்களாக மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அவர் மருத்துவமனையின் பின்கதவு வழியாக வந்து தன் மாத்திரையை வாங்கிப்போவார். கதவைத் திறந்துவிடுகிறவன் நான். அந்த முற்றத்தில் அப்போது நாலு பேர்தான் இருந்தோம், வெளியாள் யாரும் இல்லை. சொல்லியிருக்கலாம்.

“பலிபே,” என்றார் கடைசியில்.

அவளைப் பெயர் சொல்லிக் கெஞ்சினாரா, யாருக்கும் இல்லை என்று சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

“அப்போ சரி மாமா. யாருக்கும் வேணாம்,” என்றாள் எலுபே.

இடுப்புத் துணி முடிச்சிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள். ஒரு மாத்திரையை வாயில் போட்டு, பின்வெல் மொண்டு கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். மூடியைத் திருகி மறுபடி முடிந்துகொண்டாள். இன்னும் ஐந்து இருந்தது. பிரசவத்துக்கு ஒரு மாதம்.